நூற்று எண்பத்தேழு பாயிண்டும் ஒரு சின்ன மென்பொருளும்

அன்று காலை மையத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என்னோடு வேலை பார்த்த கலா அக்கா, விசைப்படகு டிரைவர் மாணிக்கம் மாமா. இல்லாதவர்கள் இரண்டு பேர். எங்கள் கணினிகளில் லினக்ஸை ஏற்றிக் கொடுத்த இன்ஜினியர் புதுச்சேரியில் இருந்தார். அவருடைய செல்போன் காலையிலிருந்து அணைத்தே கிடந்தது. இன்னொருவர் என் அப்பா. மாமா ஓட்டும் படகில் வலை இழுப்பவர். எங்கள் வீட்டிலிருந்து மையம் கூப்பிடு தூரம்தான். வந்தால் மாமா கையில் இருக்கும் ஜிபிஎஸ் பெட்டியின் திரையைப் பார்க்க நேரும், அதனால் வரவில்லை.

அந்த மையத்தில் ஐந்து வருஷம் இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மென்பொருள் ஏற்றுவதைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கட்டளைகளெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கின்றன. அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் கெடுத்ததை வைத்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் ஊர் கோட்டுச்சேரிக்குக் கிழக்கே, கடலை ஒட்டி. சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்த ஓர் அறை, நான்கு கணினி, ஒரு போன் லைன், கூரைமேல் ஒரு ஒலிபெருக்கி. தினமும் சாயங்காலம் இணையத்தில் அலை உயரம் பார்த்து ஒலிபெருக்கியில் அறிவிப்பதுதான் முக்கிய வேலை. காசு கொடுக்க வேண்டாம் என்பதால் நான்கிலும் லினக்ஸ். அதை ஏற்றிய மூன்று சிடிக்களையும் இன்ஜினியர் பீரோவில் வைத்துவிட்டுப் போயிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கணினி முன்னால் உட்கார்ந்தால் ஊரே என்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்வேன். இந்தக் கதைக்கு அது தேவை.

மாமா ஈரத் துண்டைப் பிரித்து ஜிபிஎஸ்ஸை மேஜையில் வைத்தார். கைக்கு அடக்கமான பெட்டி. ஒரு டிரைவருக்கு அதுதான் சொத்து. மீன் கூடும் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, எது, வலையைக் கிழிக்கும் உடைந்த கப்பல் எங்கே கிடக்கிறது என்று வருஷக்கணக்காகக் கடலில் சுற்றிக் கண்டுபிடித்த இடங்களெல்லாம் அதில் பாயிண்டுகளாக இருக்கும். ஒரு டிரைவர் பாயிண்டை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். சொந்தப் படகின் ஆட்களே திரையை எட்டிப் பார்க்கக் கூடாது. மாமாவிடம் நூற்று எண்பத்தேழு பாயிண்டுகள் இருந்தன. மீன் பட்டால்தான் அந்தப் படகில் போகிற ஒன்பது பேருக்கும் பங்கு. அதில் ஒரு பங்கு எங்கள் வீட்டு உலை.

திரையில் கறை விழுந்து பரவிக்கொண்டிருந்தது. சாய்த்துப் பிடித்தால் எழுத்து தெரியும். நாகப்பட்டினத்தில் பழுது பார்ப்பவர் திரையை மாற்றலாம், ஆனால் உள்ளே இருப்பது அழிந்துபோகும், முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவரே தன் கணினியில் எடுத்துக் கொடுப்பார். ஆனால் அவரிடம்தான் இந்தக் கரையின் எல்லாப் படகுப் பெட்டியும் போகிறது. பாயிண்டு வெளியே கசிந்துவிடும் என்று மாமாவுக்கு மனசு வரவில்லை. மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாள். நாலாம் நாள் விடிந்தால் கடலுக்குப் போக வேண்டும்.

கலா அக்கா குரும்பகரத்துக்காரர், நெல் விளைகிற ஊர். கடலைப் பற்றி எதுவும் தெரியாது, அதை மறைக்கவும் மாட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, மாமாவே உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், நாம் வெளியே போய்விடுவோம், அரை நாள் வேலைதானே என்றார்.

மாமா நோட்டைப் பார்த்தார். “எழுதலாம்” என்று இழுத்தார்.

அவர் இரண்டாம் வகுப்போடு நின்றவர். அவரால் முடியாது, சங்கடப்படுகிறார் என்று நானாக முடிவு செய்தேன். இத்தனை வருஷம் அந்தப் பெட்டியில் எண்ணைப் பார்த்துப் பார்த்துப் படகு ஓட்டியவருக்கு எண் எழுத வராதா என்று யோசிக்கவில்லை. “எதுக்கு மாமா எழுதிக்கிட்டு? ஒயரைப் போட்டா பத்து நிமிஷம்” என்றேன்.

பத்து நிமிஷம் என்று சொன்ன வாய் இது.

ஒயரைக் கணினியில் சொருகினேன். திரையில் எண்கள் வரிவரியாக ஓட ஆரம்பித்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையில் அந்தப் பெட்டி தான் அப்போது இருக்கிற இடத்தை, அதாவது எங்கள் மையத்து ஜன்னலை, இரண்டு செகண்டுக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். சேமித்து வைத்த பாயிண்டுகளை இழுக்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். மூன்று சிடியிலும் அது இல்லை.

எங்கள் போன் லைனில் இறக்கினால் தடைக்காலமே முடிந்துவிடும். பஸ் ஏறிக் காரைக்கால் டவுனுக்குப் போய், பிரவுசிங் சென்டரில் அந்தப் பேக்கேஜைப் பென் டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தேன். ஏற்றினால், எனக்கு முன்னால் லைப்ரரி என்ற துணை நிரல் ஒன்று வேண்டும் என்றது. திரும்ப பஸ். அந்த லைப்ரரி, எனக்கு இன்னொன்று வேண்டும் என்றது. திரும்ப பஸ். கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் அவர் தன் சம்பந்தியையும் அழைக்கச் சொல்வது போல. மூன்றாம் தடவை கண்டக்டர் சீட்டைக் கிழிக்கும்போதே, டவுனில் வேலை கிடைத்துவிட்டதா தம்பி என்று கேட்டார்.

மூன்றாவதாக வந்தது சாதாரண லைப்ரரி இல்லை. கணினியில் இருக்கிற எல்லா நிரலும் அதன்மேல்தான் நிற்கின்றன. எங்களிடம் இருந்தது பழசு, கேட்டது புதுசு. ஏற்ற முடியாது, மோதும் என்று கணினி தெளிவாகச் சொன்னது. எதையும் சரிபார்க்காதே, வலுக்கட்டாயமாக ஏற்று என்று சொல்ல ஒரு வழி உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். மாமா வாசலில் பீடியோடு நின்றுகொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார். நான் வலுக்கட்டாயமாக ஏற்றினேன்.

அதன்பிறகு எந்தக் கட்டளை கொடுத்தாலும் பதில் இல்லை. அணைத்துப் போட்டேன். கருப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. போன் லைன் இணைந்திருந்த கணினியும் அதுதான். அன்று சாயங்காலம் அலை உயரத்தை கலா அக்கா யாருக்கோ போன் போட்டுக் கேட்டு, துண்டுச் சீட்டில் எழுதி ஒலிபெருக்கியில் வாசித்தார். வழக்கத்தைவிடச் சீக்கிரமே முடிந்தது.

மாமாவிடம் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று சொன்னேன். பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்: “கெடுத்துட்டேன் மாமா, இனிமே இந்த வழி எப்ப முடியும்னு தெரியாது.” சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே நோட்டைக் கேட்டிருப்பார். திரை அப்போதும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் மதியம் இன்ஜினியர் போனை எடுத்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் சிரித்தார். சிடியைப் போட்டு லினக்ஸை முதலிலிருந்து ஏற்று, இந்தத் தடவை மூன்றாவது சிடியில் இருக்கிற, மூல நிரலை இயங்கும் மென்பொருளாக்கும் கம்பைலரையும் சேர்த்து ஏற்று, அந்த மென்பொருளின் மூல நிரலை இறக்கி நம் கணினியிலேயே கம்பைல் செய்துகொள், அதற்குப் புது லைப்ரரி எதுவும் வேண்டாம் என்றார். போனை வைக்கப்போகும்போது கேட்டார்.

“ஆமா, அந்தப் பெட்டியோட கையேட்டைப் படிச்சியா?”

“இல்ல சார்.”

“ரெண்டு நாளா என்னதான் பண்ணுன?”

லினக்ஸை முழுசாக ஏற்ற நாற்பது நிமிஷம் ஆனது. சிடியை மாற்றச் சொன்னபோது மாற்றினேன், வேறு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூல நிரலுக்காக இன்னொரு பஸ். மூன்று கட்டளையில் மென்பொருள் ஏறிவிட்டது. ஒரு முழு இயங்குதளம் நாற்பது நிமிஷத்தில் ஏறுகிறது, ஒரு சின்ன நிரலுக்கு இரண்டு நாள் போகிறது. லினக்ஸில் மென்பொருள் ஏற்றுவது சுலபமா கஷ்டமா என்று உங்களை யாராவது கேட்டால், எந்த மென்பொருள், எந்த சிடி, பஸ் எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

கையேட்டையும் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்திருந்தேன். அதன் பதினெட்டாம் பக்கத்தில் இருந்தது எனக்கு வைத்த ஆப்பு. பாயிண்டுகளை வெளியே எடுக்க வேண்டுமானால் பெட்டியின் மெனுவுக்குள் போய் ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். மாமாவின் பெட்டி வேறு அமைப்பில் இருந்தது. அதனால்தான் ஜன்னலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. முதல் நாளே படித்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. இப்போது பெட்டியை எடுத்துப் பார்க்கிறேன், திரை முழுக்கக் கருப்பு. இரண்டு பகலும் அதை அணைக்காமல் ஒயரோடு ஜன்னல் வெயிலில் வைத்திருந்தது நான்தான்.

மாமா பெட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். திட்டவில்லை. “அப்ப உள்ள இருக்கா, போயிட்டா?” என்று மட்டும் கேட்டார். உள்ளே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்றேன். கையேட்டைப் பார்த்துக் குருட்டாம்போக்கில் அழுத்தலாமா என்று யோசித்தேன். ஆனால் அதே மெனுவில் வேறொரு பக்கத்தில் எல்லாப் பாயிண்டையும் அழி என்றும் ஒரு வரி இருக்கிறது. இரண்டு நாளில் நான் எடுத்த சரியான முடிவு ஒன்றே ஒன்று. அழுத்தாமல் கையை எடுத்தேன்.

அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று இருந்தால், அதன் திரையைப் பார்த்துக்கொண்டே இதிலும் அழுத்தலாம். அது அடுத்த ஊர் டிரைவர் தர்மலிங்கத்திடம் இருந்தது. அவரும் மாமாவும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவர்கள். ஆனால் வலைமேல் வலை விழுந்தபோது தர்மலிங்கத்தின் வலையை மாமா அறுத்துவிட்ட தகராறில் இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை. பேச்சு இருந்தாலும் எந்த டிரைவரும் பெட்டியை இரவல் தர மாட்டார்.

“நான் போயி கேக்கறேன். எனக்கென்ன, நான் நெல்லு ஊரு. உங்க கடல் சண்டை எனக்குத் தெரியாது” என்றார் கலா அக்கா. பெட்டியைத் தரச் சொல்லிக் கேட்கவில்லை அவர். பெட்டியோடு நீங்களே வாருங்கள், உங்கள் திரையை நீங்களே பாருங்கள், வாயால் மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் காலை தர்மலிங்கம் வந்தார். மாமாவைப் பார்க்காமல் நேராக மூலைக்குப் போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஆவி பிடிக்கிற மாதிரி தலையையும் பெட்டியையும் சேர்த்து மூடிக்கொண்டார். கையேட்டோடு நான் நடுவில். இரண்டு பெட்டியையும் ஒரே நேரத்தில் அணைத்து, ஒரே நேரத்தில் போட்டோம். அப்போதுதான் இரண்டும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்.

“தம்பி, மெனுவ ரெண்டு தடவ அமுக்கச் சொல்லு” என்றது துண்டு.

“அமுக்கிட்டேன்னு சொல்லு” என்றார் மாமா என்னிடம்.

“கீழ நாலு.”

“எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“மெதுவா. வலைய அறுக்கறப்ப இருந்த அவசரம் இதுல வேணாம்.”

மாமா என்னைப் பார்த்தார். “அவர வாய மூடிக்கிட்டுச் சொல்லச் சொல்லு” என்றார். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சொல்வார் என்று கலா அக்கா கேட்க, துண்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

தர்மலிங்கத்துக்கு இங்கிலீஷ் வராது. எத்தனையாவது வரி, முதல் எழுத்து எப்படி இருக்கிறது என்று சொல்வார், நான் கையேட்டில் பார்த்துச் சரியா தப்பா என்பேன். பாம்பு எழுத்து, குச்சி எழுத்து, முட்டை எழுத்து. பாதி வழியில் மாமாவின் கட்டைவிரல் வழுக்கியது. பெட்டி இரண்டு தடவை கூவியது. ஒரு தடவை அழுத்தினாரா இரண்டு தடவையா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன், மேலே போகலாம் என்றார். நெற்றியில் வேர்த்திருந்தது.

“நினைக்கிறேன்னா வேணாம் மாமா. அணைச்சிட்டு மொதல்லேர்ந்து போவோம்.”

துண்டை விலக்காமலே தர்மலிங்கம், “தம்பி சொல்றதக் கேளு” என்றார். இரண்டு வருஷத்தில் அவர் மாமாவிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூன்று தடவை முதலிலிருந்து போனோம். மூன்றாம் தடவை, “மேலேர்ந்து அஞ்சாவது, குச்சி எழுத்து” என்றார். கையேட்டிலும் அதுவே. மாமா அழுத்தினார். நான் ஒயரைச் சொருகிக் கட்டளையைக் கொடுத்தேன். எண்களைத் திரையில் காட்டாமல் கோப்பில் போட்டுவிட்டு, எத்தனை என்று மட்டும் சொல்லும்படி செய்திருந்தேன்.

நூற்று எண்பத்தேழு.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். தர்மலிங்கம் எழுந்திருக்கவில்லை. “என் கூலி?” என்றார். மாமா எங்கள் இருவரையும் வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டார். திறந்தபோது தர்மலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். பணம் கைமாறியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

திரையை மாற்ற மாமா அன்றே நாகப்பட்டினம் போனார். பாயிண்டுகள் எங்கள் கணினியில் இருக்கின்றன அல்லவா, அதனால் எங்களை வெளியே நிறுத்தி மையத்தைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். வந்தவர்களிடமெல்லாம் இன்று மையம் லீவு என்று சொல்லிக்கொண்டு நானும் அக்காவும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் பெட்டி புதுத் திரையோடு, உள்ளே ஒன்றும் இல்லாமல் வந்தது. பாயிண்டுகளைத் திரும்ப ஏற்ற ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாமா தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அதற்குத்தான் ஒரு மணி நேரம்.

பிறகு கணினியில் இருந்த கோப்பை அவர் கண்ணெதிரே அழித்தேன்.

“அழிச்சதுக்கு என்ன அடையாளம்?”

அப்படி ஒரு கேள்வியை எந்தப் பயிற்சியிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. அடையாளம் ஒன்றும் இல்லை. இல்லாததை எப்படிக் காட்டுவது? அதோடு, அழித்த கோப்பையும் விஷயம் தெரிந்தவன் தோண்டி எடுத்துவிடலாம் என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாளாக முழு உண்மையைச் சொல்லாமல் பட்டது போதும் என்று அதையும் சொன்னேன். கலா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

மாமா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். அந்த எண்கள் யார் கைக்காவது போனால் முதலில் யாரைச் சொல்வார்கள்? படகில் போகிற ஒருவருடைய மகன் கணினியில் உட்கார்ந்திருக்கிறான். என்னைச் சொல்வார்கள், பிறகு அப்பாவை இறக்கிவிடுவார்கள். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கணினியைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மாமா கையில் கொடுத்தேன். யாருக்கும் எழுதிப் போட்டு அனுமதி கேட்கவில்லை. மேலிடத்தில் கேட்டால் நானே வாங்கி வைத்துவிடுவதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், அப்படியே செய்தேன். மாமா அதை ஈரத் துண்டில் சுற்றப் போனார். “ஈரம் படக்கூடாது மாமா” என்றேன். “இனிமே பட்டா என்ன” என்றார்.

அதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

தடை முடிந்து இரண்டாவது தடவை கடலுக்குப் போனபோது, மாமாவின் ஒரு பாரில் தர்மலிங்கத்தின் படகு முன்பே நின்றிருக்கிறது. தற்செயலாக யாரும் போய் நிற்கிற இடம் இல்லை அது. கரைக்கு வருவதற்குள்ளேயே படகில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அப்பா வீட்டுக்கு வந்து கால் கழுவினார், சாப்பிட உட்காரவில்லை. என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்.

“நீ யாருக்காவது காட்டினியா?”

“இல்லப்பா.”

“சரி.”

மறுநாள் காலை அரசலாற்றங்கரையில் ஐஸ் ஏற்றும்போது, படகில் மூத்தவர், கம்ப்யூட்டர்காரன் அப்பனை வைத்துக்கொண்டு இனிமேல் தொழில் பார்க்க முடியாது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நானும் அங்கே நின்றேன், அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன்.  அப்பா தன் துணிப்பையை எடுக்கப் படகுக்குள் இறங்கினார்.

மாமா இன்ஜின் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். ஒரு டிரைவர் தன் ஆட்களிடம் சொல்லக் கூடாததைச் சொன்னார்.

“பைய வையி. அந்தப் பார நான்தான் தர்மலிங்கத்துக்குச் சொன்னேன். நூத்தி எண்பத்தாறு மிஞ்சணும்னு ஒண்ணக் கொடுத்தேன்.”

 மூத்தவர், எந்தப் பாரைக் கொடுப்பது என்று எங்களைக் கேட்டிருக்கலாமே என்று முணுமுணுத்தார். மாமா, கேட்டிருந்தால் நூற்று எண்பத்தேழையும் உங்களுக்குச் சொல்ல வேண்டி வந்திருக்கும் என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டியைத் தூக்கினார். அப்பா மறுமுனையைப் பிடித்தார்.

ஏதாவது ஏற்றித் தரச் சொல்லி யாராவது உங்களிடம் வந்தால், முதலில் கேளுங்கள்: ஏற்றாமல் முடியுமா? முடியும் என்று அறையில் யாராவது சொன்னால், அவர் கணினி தெரியாதவராக இருந்தாலும், ஏற்றுகிற வேலையைத் தொடங்கும் முன் அந்த வழியை முடித்து வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுதி வைத்த பிறகு எத்தனை லைப்ரரியோடு வேண்டுமானாலும் மல்லுக்கு நிற்கலாம்.

திரை மாற்றிய செலவு எப்படியும் ஆகியிருக்கும், அதைச் சேர்க்கவில்லை. புது ஹார்டு டிஸ்க் ஆயிரத்துத் தொள்ளாயிரம், என் சம்பளத்தில் மூன்று தவணை. பஸ், பிரவுசிங், கையேடு அச்சடித்தது இருநூற்றுப் பதினான்கு. ஆக எங்களுக்கு ஆனது இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு ரூபாயும், மீன் படுகிற ஒரு பாரும்.